இத்தாலிய நவயதார்த்தவாதம்: திரைப்படத்திலும் இலக்கியத்திலும் கதைசொல்லியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரை ஒட்டி இத்தாலியில் உருப்பெற்ற நவயதார்த்தவாதம், பெரும்பாலும் திரைப்படப் படப்பிடிப்பு முறைகளின் தொகுப்பாகவே விளக்கப்பட்டு வருகிறது. அதே காலத்தில், அதே நெருக்கடியிலிருந்து பிறந்த புனைகதைகள் இவ்விளக்கத்தில் உரிய இடம் பெறுவதில்லை. இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கும்போது அவற்றுக்குப் பொதுவான சிக்கல் ஒன்று புலப்படுகிறது. எளிய மக்களின் வாழ்வை அவர்களுக்கு வெளியே இருந்து வந்த ஒருவர் சொல்லும்போது அவர் எங்கே நிற்பது, எந்த மொழியில் பேசுவது, எதனை நிகழ்ச்சி என்று கருதுவது என்பதே அச்சிக்கல். வெர்காவின் நாவலும் விஸ்கோன்டியின் படமும், பர்தோலினியின் நாவலும் டி சிகாவின் படமும், கால்வினோ, ரோஸலினி, ஒர்தேசே ஆகியோரின் சிறார் பாத்திரங்களும் இவ்வடிப்படையில் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நவயதார்த்தவாதம், இத்தாலியத் திரைப்படம், இத்தாலிய நாவல், வட்டார வழக்கு, கதைசொல்லி, கால அளவு

முன்னுரை

நவயதார்த்தவாதம் என்றவுடன் சில அடையாளங்கள் வழக்கமாகப் பட்டியலிடப்படுகின்றன. அரங்கைவிட்டு வெளியேறித் தெருவில் படம் பிடித்தல், தொழில்முறை நடிகர் அல்லாதோரை நடிக்க வைத்தல், இயல்பான ஒளியைப் பயன்படுத்துதல், வறியோர் வாழ்வைக் கதைப்பொருளாகக் கொள்ளுதல் என்பன அவை. இப்பட்டியல் பயனற்றது என்று சொல்ல முடியாது. ஆயினும் இயக்கத்தின் முதன்மையான படங்களே அதற்கு அடங்குவதில்லை. ராபர்டோ ரோஸலினியின் ‘ரோம், திறந்த நகரம்’ (1945) படத்தின் முதன்மைப் பாத்திரங்களில் நடித்த அன்னா மக்னானியும் ஆல்டோ ஃபாப்ரிசியும் மேடையிலும் திரையிலும் முன்பே பெயர் பெற்றவர்கள். நவயதார்த்தவாதப் படங்கள் பலவற்றில் உரையாடல் படப்பிடிப்பின்போது பதிவு செய்யப்படாமல் பின்னரே சேர்க்கப்பட்டது. தெருவில் நடந்த ஒருவரின் உடலும் ஒலிக்கூடத்தில் பேசிய ஒருவரின் குரலும் சேர்ந்தே திரையில் ‘உள்ளது உள்ளபடி’ தோன்றின.

மேலும், இப்பட்டியலை வைத்துக்கொண்டு இலக்கியத்தில் நவயதார்த்தவாதம் என்று எதனைக் குறிப்பது என்ற வினாவுக்கு விடை காண இயலாது. நாவலுக்கு ஒளியும் இல்லை, நடிகரும் இல்லை, மொழி ஒன்றே உண்டு. எனவே இரு கலைகளுக்கும் பொதுவான ஓர் அடிப்படையைத் தேடுவது தேவையாகிறது. சொல்பவருக்கும் சொல்லப்படுபவருக்கும் இடையிலான தொலைவை மாற்றியமைக்கும் முயற்சியே அவ்வடிப்படை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சொல்லும் சூழலும்

‘நவயதார்த்தவாதம்’ என்னும் சொல் திரைப்படத்துக்கு முன்பே இத்தாலிய இலக்கியத் திறனாய்வில் வழங்கியது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஆல்பர்டோ மொராவியாவின் ‘அக்கறையற்றவர்கள்’ (1929) போன்ற நாவல்களில் காணப்பட்ட புதிய போக்கைக் குறிக்க அது பயன்பட்டது. லூச்சினோ விஸ்கோன்டியின் முதற்படமான ‘ஒசெஸ்ஸியோனே’ (1943) வெளிவந்த காலத்தில் அச்சொல் திரைப்பட உலகிலும் புழங்கத் தொடங்கியது.

பாசிச ஆட்சி திரைப்படத்தைப் புறக்கணிக்கவில்லை. 1935இல் ரோமில் திரைப்படப் பயிற்சி மையத்தையும், 1937இல் சினெசித்தா படப்பிடிப்பு வளாகத்தையும் அவ்வாட்சியே நிறுவியது. அக்காலத்தில் வெளிவந்த மேல்தட்டு வாழ்க்கைப் படங்கள், அவற்றின் அறைகளில் தவறாது இடம்பெற்ற பொருளை வைத்து ‘வெள்ளைத் தொலைபேசிப் படங்கள்’ எனப் பின்னர் அழைக்கப்பட்டன. முசோலினியின் மகன் விட்டோரியோ பொறுப்பில் வெளிவந்த ‘சினிமா’ என்னும் இதழே எதிர்ப்போக்குக்கும் இடமளித்தது என்பது வரலாற்றின் முரண். 1941இல் அவ்விதழில் மாரியோ அலிகாதாவும் ஜுசெப்பே தே சாந்திஸும் எழுதிய கட்டுரை, இத்தாலியத் திரைப்படம் வெர்காவிடமிருந்து கற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இத்தாலியத் திரைப்படத்துக்கான வழிகாட்டியாக அவர்கள் முன்வைத்தது அறுபதாண்டுகளுக்கு முந்தைய நாவலாசிரியர் ஒருவரையே. திரைப்பட இயக்கத்தின் வேர் இலக்கியத்தில் ஊன்றியிருந்தமைக்கு இது தெளிவான சான்று.

இலக்கியத்தில் எலியோ விட்டோரினியின் ‘சிசிலியில் ஓர் உரையாடல்’ 1938-39இல் தொடராக வெளிவந்தது. சேசரே பவேசேயின் ‘உன் ஊர்கள்’ 1941இல் அச்சேறியது. இவ்விருவரும் அமெரிக்க நாவல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்தவர்கள். அமெரிக்கப் புனைகதையின் பேச்சுநடையும் நேரடித்தன்மையும் இவர்களுக்கு இத்தாலிய இலக்கிய உரைநடையின் இறுக்கத்திலிருந்து வெளியேறும் வழியாக அமைந்தன. ‘ஒசெஸ்ஸியோனே’யும் அமெரிக்கரான ஜேம்ஸ் கெய்னின் நாவலைத் தழுவியதே.

1943 முதல் 1945 வரை நடந்த எதிர்ப்புப் போராட்டம் இப்போக்குகளுக்கு ஒரு பொது அனுபவத்தை வழங்கியது. இதாலோ கால்வினோ தமது முதல் நாவலான ‘சிலந்திக் கூடுகளுக்குச் செல்லும் பாதை’ (1947) நூலுக்கு 1964இல் எழுதிய முன்னுரை இவ்வகையில் முதன்மையான ஆவணம். போரிலிருந்து மீண்ட மக்கள் அனைவரிடமும் சொல்வதற்குக் கதைகள் இருந்தன என்றும், தொடர்வண்டிப் பெட்டிகளிலும் உணவுப் பொருளுக்குக் காத்திருந்த வரிசைகளிலும் அவை கைமாறின என்றும் அவர் குறிப்பிடுகிறார். நவயதார்த்தவாதத்தை அவர் ஒரு பள்ளியாகக் கருதவில்லை. ஒன்றையொன்று அறியாதிருந்த பல இத்தாலிகளின் குரல் தொகுதியாகக் காண்கிறார். வட்டார வழக்குகளின் பன்மை இல்லையெனில் அது தோன்றியே இருக்காது என்பதும் அவர் கருத்து. இக்கருத்தைத் தொடக்கமாகக் கொண்டால், மொழிச் சிக்கல் நவயதார்த்தவாதத்தின் நடுவில் இருப்பது விளங்கும்.

ஆசி திரேசாவின் மொழி: வெர்காவும் விஸ்கோன்டியும்

ஜியோவன்னி வெர்காவின் ‘மலவோலியா குடும்பம்’ 1881இல் வெளிவந்தது. சிசிலியின் கிழக்குக் கரையில் உள்ள ஆசி திரேசா என்னும் மீனவச் சிற்றூரில், கடனுக்கு வாங்கிய லூபின் பருப்பு மூட்டைகளோடு படகு கடலில் மூழ்கியதால் ஒரு குடும்பம் சிதைவதே நாவலின் கதை. வெர்கா அதனைச் சிசிலிய வழக்கில் எழுதவில்லை. பொது இத்தாலிய மொழியிலேயே எழுதினார். ஆனால் அம்மொழியின் தொடரமைப்பில் ஊரின் பேச்சை ஏற்றினார். பழமொழிகளும் வம்புப் பேச்சும் பட்டப்பெயர்களும் கதைசொல்லியின் வாக்கியங்களுக்குள் இடைவிடாமல் புகுந்துவிடுகின்றன. ஒரு வாக்கியத்தைச் சொல்பவர் ஆசிரியரா, திண்ணையில் அமர்ந்திருக்கும் ஊராரா என்று பிரித்தறிய முடிவதில்லை. மலவோலியாக்களின் துயரைக் கண்டு இரங்கும் குரலே அடுத்த வரியில் அவர்களது கடனைக் கணக்கிட்டுப் பேசுகிறது. படித்த ஆசிரியர் மறைந்து ஊரின் கூட்டுக்குரல் கதை சொல்கிறது.

விஸ்கோன்டியின் ‘நிலம் நடுங்குகிறது’ (1948) இந்நாவலை அடியொற்றி, அதே ஆசி திரேசாவில், அவ்வூர் மக்களையே நடிகர்களாகக் கொண்டு எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நிதியுதவியோடு ஆவணப்படமாகத் திட்டமிடப்பட்ட இது, மீனவர், சுரங்கத் தொழிலாளர், உழவர் பற்றிய மூன்று பகுதிகளில் முதலாவதாக அமைய வேண்டியிருந்தது. மற்ற இரண்டும் உருவாகவில்லை. படத்தில் வலாஸ்த்ரோ குடும்பத்து மூத்த மகன் ’ந்தோனி, மீன் வணிகர்களின் சுரண்டலிலிருந்து விடுபட வீட்டை அடகு வைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகிறான். புயலில் படகு சிதைகிறது, வீடும் பறிபோகிறது, இறுதியில் அதே வணிகர்களிடம் கூலிக்குத் திரும்புகிறான். வெர்கா விதியின் சுழற்சியாகக் கண்டதை விஸ்கோன்டி பொருளாதார உறவாக மாற்றினார்.

இங்கு நோக்கத்தக்கது மொழி. உரையாடல்கள் அவ்வூர் மீனவர்களின் துணையோடு அவர்களது வழக்கிலேயே அமைக்கப்பட்டன. சிசிலியில் இத்தாலிய மொழி ஏழைகளின் மொழியன்று என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பும் படத்தின் தொடக்கத்தில் இடம்பெற்றது. ஆனால் அவ்வழக்கு தீவுக்கு வெளியே இருந்த இத்தாலியர்க்குப் புரியவில்லை. எனவே பொது இத்தாலிய மொழியில் ஒரு பின்னணிக் குரல் சேர்க்கப்பட்டது. அக்குரல் காட்சிகளை இணைக்கிறது. பாத்திரங்களின் நிலையை விளக்குகிறது. சில இடங்களில் அவர்கள் எண்ணுவதையும் எடுத்துரைக்கிறது.

இரு படைப்புகளையும் அருகருகே வைத்தால் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்படுகிறது. பொதுமொழியில் எழுதிய வெர்காவின் நாவலில் வெளியாள் கரைந்து போகிறார். மக்களின் வழக்கையே முழுமையாக ஏற்ற விஸ்கோன்டியின் படத்தில் வெளியாள் மீண்டும் வந்து நிற்கிறார். மொழிக்கு உண்மையாக இருக்க முற்பட்டதன் விலையாக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். வட்டார வழக்கைப் பயன்படுத்துவது தானாகவே மக்களின் குரலை மீட்டுத் தந்துவிடும் என்னும் எளிய முடிவை இவ்வொப்பீடு மறுக்கிறது. எவருடைய சொல் யாரை விளக்குகிறது என்பதே தீர்மானமான வினா.

கார்லோ லெவியின் ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ (1945) இவ்வினாவுக்கு மூன்றாவது ஒரு விடையைத் தருகிறது. துரின் நகரத்து ஓவியரும் மருத்துவருமான லெவி, பாசிச எதிர்ப்புக்காக 1935-36இல் தெற்கே லுகானியப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டவர். அங்குள்ள உழவர்களின் வழக்கில் ‘கிறித்தவர்’ என்பது ‘மனிதர்’ என்பதைக் குறிக்கும் சொல். தங்கள் ஊருக்குக் கிறிஸ்து வரவில்லை என்ற அவர்களது கூற்று, தாங்கள் மனிதராக எண்ணப்படவில்லை என்னும் பொருளுடையது. லெவி தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. வெளியாளாகவே தன்மை இடத்தில் நின்று எழுதுகிறார். ஆனால் நூலின் தலைப்பையும் மையக் கருத்தையும் உழவர்களின் சொல்லிலிருந்தே பெறுகிறார். விளக்குபவர் லெவியாயினும் விளக்கத்தின் திறவுகோல் உழவர்களிடம் இருக்கிறது.

மிதிவண்டியை இழந்தவர் யார்: பர்தோலினியும் டி சிகாவும்

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்னும் பெயரில் இந்திய இரசிகர்க்கு அறிமுகமான விட்டோரியோ டி சிகாவின் ‘மிதிவண்டித் திருடர்கள்’ (1948), லூயிஜி பர்தோலினி 1946இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலை மூலமாகக் கொண்டது. ஓவியரும் செதுக்கோவியக் கலைஞருமான பர்தோலினியின் நாவலில் மிதிவண்டியை இழப்பவர் அவரைப் போன்ற ஒரு கலைஞர். அவரிடம் வேறொரு மிதிவண்டியும் உண்டு. ரோமின் சந்தைகளிலும் சந்துகளிலும் தேடி அலைவது அவருக்குப் பிடிவாதமும் நகர ஆய்வும் கலந்த ஒரு செயல். திருடர்களின் உலகை அவர் எரிச்சலோடும் ஏளனத்தோடும் வெளியே நின்று பார்க்கிறார்.

திரைக்கதையில் முதன்மைப் பங்காற்றிய சேசரே சவாட்டினியும் டி சிகாவும் நாவலிலிருந்து தலைப்பையும் தேடலையும் எடுத்துக்கொண்டு, இழப்பவரை மாற்றினர். நெடுநாள் வேலையின்றி இருந்த அந்தோனியோ ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்கு மிதிவண்டி கட்டாயம். அடகில் இருக்கும் அதனை மீட்க அவன் மனைவி மரியா வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகுக் கடைக்குக் கொண்டு செல்கிறாள். வாங்கிய விரிப்பு மூட்டையை ஊழியர் ஒருவர் கூரை வரை அடுக்கப்பட்ட மூட்டைகளுக்கு இடையே ஏறிச் சென்று வைக்கிறார். எவ்வளவு குடும்பங்கள் விரிப்பின்றி உறங்குகின்றன என்பதை எந்த உரையாடலும் சொல்வதில்லை. அந்த அடுக்கே சொல்லிவிடுகிறது.

இம்மாற்றத்தால் பொருளின் எடை மாறுகிறது. கலைஞருக்கு உடைமையாக இருந்த மிதிவண்டி, தொழிலாளிக்கு வேலையாகவும் குடும்பத்தின் உணவாகவும் ஆகிறது. முதல் நாளே, ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையில், அது களவு போகிறது. காவல் நிலையத்தில் இது ஒரு மிதிவண்டிதானே என்ற அளவிலேயே முறையீடு முடிந்துவிடுகிறது. செய்தித்தாளில் ஒரு வரிக்கும் தகுதியற்ற நிகழ்ச்சி, அதை இழந்தவனின் இடத்திலிருந்து பார்க்கும்போது முழுப் படத்துக்கும் போதுமான பேரிழப்பாகிறது. கதைசொல்லி நிற்கும் இடத்தை மாற்றியதே இதனைச் செய்தது.

அந்தோனியோவாக நடித்த லம்பர்த்தோ மஜ்ஜோரானி, ஆலைத் தொழிலாளி. அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், கேரி கிராண்டை நடிக்க வைக்கும்படி கேட்டதும் டி சிகா அதனை ஏற்காததும் திரைப்பட வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. நட்சத்திரம் ஒருவர் தெருவில் நடந்தால் பார்வையாளர் அவரை மட்டுமே காண்பர். கூட்டத்தில் கரைந்துபோகக்கூடிய ஒரு முகமே, அக்கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதே கதை நேரலாம் என்னும் எண்ணத்தை எழுப்பும். தொழில்முறை நடிகரைத் தவிர்த்தது இங்கு விதியாக அன்றி, கதையின் தேவையாக அமைந்தது.

தலைப்பில் உள்ள பன்மையும் பொருளுடையது. அமெரிக்காவில் இப்படம் ஒருமையில், ‘மிதிவண்டித் திருடன்’ என வெளியிடப்பட்டது. மூலத் தலைப்பு இருவரைக் குறிக்கக் கூடியது: முதலில் களவாடியவனும், இறுதியில் விளையாட்டரங்கின் அருகே வேறொருவரின் மிதிவண்டியைத் திருட முயன்று பிடிபடும் அந்தோனியோவும். ஒருமை, குற்றவாளியை வெளியே தேடச் சொல்கிறது. பன்மையோ, தேடுபவனும் தேடப்படுபவனும் ஒரே நெருக்கடியின் இரு முகங்கள் என்பதைக் காட்டுகிறது.

சிறார் பார்வை

நவயதார்த்தவாதப் படைப்புகளில் சிறார் திரும்பத் திரும்ப வருவது தற்செயலன்று. தந்தையின் களவு முயற்சியை மகன் புருனோ பார்த்துவிடுகிறான். மிதிவண்டியின் உரிமையாளர் அச்சிறுவனைக் கண்டே தந்தையை விட்டுவிடுகிறார். இரக்கம் விடுதலையைத் தருகிறது, அவமானத்தை அகற்றவில்லை. மகன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்ள இருவரும் கூட்டத்தில் மறைகின்றனர்.

கால்வினோவின் முதல் நாவலில் வரும் பின் என்னும் சிறுவன் லிகூரிய நகரச் சந்துகளில் வளர்பவன். ஜெர்மானிய மாலுமி ஒருவனின் கைத்துப்பாக்கியைத் திருடி, சிலந்திகள் கூடு கட்டும் இடத்தில் ஒளித்து வைக்கிறான். பின்னர் மலையில் போராளிகளுடன் சேர்கிறான். போராட்டத்தில் தாம் பெற்ற அனுபவத்தை நேரடியாகத் தன்மையில் எழுதினால் அது தம் கைக்கு அடங்காது என்று உணர்ந்தே கால்வினோ சிறுவனின் பார்வையைத் தேர்ந்தார் என்பதை அவரது முன்னுரை விளக்குகிறது. பின்னுக்குப் போராளிகள் வீரர்களாகத் தோன்றுவதில்லை. புரியாத சினமும் புரியாத காமமும் கொண்ட பெரியவர்களாகவே தோன்றுகின்றனர். இதனால் வெற்றிக்குப் பின் எளிதில் எழக்கூடிய புகழ்பாடும் தொனி நாவலில் இல்லை.

ரோஸலினியின் ‘ஜெர்மனி, பூஜ்ய ஆண்டு’ (1948) தோற்ற பகைவரின் நகரத்துக்கே செல்கிறது. இடிபாடுகளான பெர்லினில் பன்னிரண்டு வயது எட்மண்ட், வலியோரே வாழத் தகுதியுடையவர் என்ற முன்னாள் ஆசிரியரின் கூற்றைச் சொல்லுக்குச் சொல் ஏற்று, நோயுற்ற தந்தைக்கு நஞ்சு கொடுக்கிறான். படத்தின் இறுதிப் பகுதியில் அவன் இடிபாடுகளிடையே அலைகிறான், விளையாடுகிறான், பின்னர்க் கட்டடத்தின் மேலிருந்து குதித்து இறக்கிறான். அவன் முகத்தில் தோன்றுவது குற்ற உணர்வா, களைப்பா, விளையாட்டா என்பதைப் படம் விளக்க மறுக்கிறது. வெளியாளான இயக்குநர், தாம் அறியாத உள்ளத்தை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்னா மரியா ஒர்தேசேயின் ‘கடல் நேப்பிள்சை நனைப்பதில்லை’ (1953) தொகுப்பில் உள்ள மூக்குக்கண்ணாடி பற்றிய சிறுகதை இவ்வரிசையில் தனித்து நிற்பது. ஏறத்தாழப் பார்வையற்ற எவுஜேனியா என்னும் ஏழைச் சிறுமிக்கு அவள் அத்தை உறவினளான நுன்சியாத்தா கண்ணாடி வாங்கித் தருகிறாள். எட்டாயிரம் லீரா என்ற தொகை அவள் வாயில் ஓயாமல் ஒலிக்கிறது. கடைத்தெருவில் கண்ணாடியை அணிந்து பார்த்தபோது எவுஜேனியாவுக்கு உலகம் அழகாகத் தெரிந்தது. அது வீட்டுக்கு வந்தபின் அவள் முதன்முதலாகத் தன் முற்றத்தைத் தெளிவாகக் காண்கிறாள். அழுக்கும் நோயும் சிதைந்த முகங்களும் கண்ணில் பட, தலை சுற்றி வாந்தி எடுக்கிறாள்.

நவயதார்த்தவாதம் தன் முதற்கடமையாகக் கொண்டது பார்வையைத் தெளிவாக்குவது. அத்தெளிவு, பார்க்கப்படும் உலகிலேயே வாழ வேண்டியவர்க்கு என்ன செய்யும் என்பதை ஒர்தேசேயின் கதை கேட்கிறது. கடைத்தெருவில் நின்று பார்ப்பவர்க்குக் கண்ணாடி ஒரு வியப்பு. முற்றத்தில் நிற்பவர்க்கு அது தாங்க முடியாத சுமை. வறுமையை உற்று நோக்கும் படைப்பாளரும் பார்வையாளரும் பெரும்பாலும் கடைத்தெருவில் நிற்பவர்களே. இயக்கத்தின் உள்ளிருந்தே எழுந்த இத்தன்னாய்வு அதன் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

நிகழ்ச்சியும் கால அளவும்

சவாட்டினி 1950களின் தொடக்கத்தில் முன்வைத்த கருத்துகள் நவயதார்த்தவாதத்தின் கோட்பாட்டு விளக்கமாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு பெண் ஒரு சோடிக் காலணி வாங்கச் செல்வது போன்ற சிறு நிகழ்ச்சியிலிருந்தே ஒரு படத்தை உருவாக்க முடியும் என்றார் அவர். பணம் எங்கிருந்து வந்தது, அவள் கணவன் என்ன வேலை செய்கிறான், கடைக்காரரின் வாழ்வு எத்தகையது என்று தொடர்ந்து கேட்டால் அச்செயல் ஒரு சமூகத்தையே திறந்து காட்டும். மனிதரை நிழல்போல் பின்தொடர்தல் என்பது அவரது முறை.

‘உம்பர்த்தோ தி.’ (1952) இம்முறையின் உச்சம். ஓய்வூதியம் போதாமல் வாடகை பாக்கியில் தவிக்கும் முதியவராக நடித்தவர் கார்லோ பத்திஸ்தி என்னும் மொழியியல் பேராசிரியர். இப்படத்தில் பெரிதும் பேசப்படுவது பணிப்பெண் மரியாவின் காலைநேரக் காட்சி. அவள் எழுந்து சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகளை நீரூற்றி விரட்டுகிறாள். உட்கார்ந்தவாறே காப்பிக்கொட்டை அரைக்கிறாள். காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்துகிறாள். மணமாகாது கருவுற்றிருக்கும் அவள் கண்களில் நீர் திரள்கிறது. வழக்கமான படத்தொகுப்பு இதனை ஒரு நொடியில் கடந்துவிடும். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பசான் இக்காட்சியை நவயதார்த்தவாதத்தின் முழுமையான எடுத்துக்காட்டாகக் கண்டார்.

ஒருவருக்குக் காலம் ஒதுக்குவது அவரை மதிப்பதன் வடிவம் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. கதைக்கு முதன்மையற்ற பணிப்பெண்ணின் ஒரு காலைப்பொழுது, அது எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு திரையில் இடம்பெறுகிறது. அவளது துயரை விளக்கப் பின்னணிக் குரல் இல்லை. விஸ்கோன்டியின் படத்தில் தேவைப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இங்கு தேவைப்படவில்லை; கைகளின் வேலையே சொல்லாகிறது. சொல்லை மட்டுமே கருவியாகக் கொண்ட இலக்கியத்தில் இதற்கு இணையான வழி, ஒர்தேசேயின் எட்டாயிரம் லீரா போல, பாத்திரங்களின் நாவில் தேய்ந்த ஒரு சொல்லை மாற்றாமல் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிடுவது.

எதிர்ப்பும் விவாதமும்

‘ரோம், திறந்த நகரம்’ இத்தாலியில் பெரும் வரவேற்பைப் பெற்றது. பின்வந்த நவயதார்த்தவாதப் படங்களில் பல வெளிநாடுகளில் பாராட்டப்பட்ட அளவுக்கு உள்நாட்டில் பார்க்கப்படவில்லை. திரைப்படத்துறைக்குப் பொறுப்பாக இருந்த ஜூலியோ அந்திரேயோத்தியின் பெயரால் அறியப்படும் 1949ஆம் ஆண்டுச் சட்டம், உள்நாட்டுத் திரைப்படத் தொழிலுக்கு நிதியுதவியையும் பாதுகாப்பையும் அளித்தது. கூடவே, உதவியைக் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் ஆக்கியது. 1952இல் அந்திரேயோத்தி வெளிப்படையான மடல் ஒன்றில் ‘உம்பர்த்தோ தி.’யைக் குறைகூறினார். இதுவே இன்றைய இத்தாலி என்று உலகம் நம்பினால் டி சிகா தாய்நாட்டுக்குத் தீங்கிழைத்தவராவார் என்பது அவரது வாதத்தின் சாரம். நாட்டின் பெயரால் யார் பேசுவது என்ற வினாவே இங்கும் அடிநாதமாக இருந்தது.

இயக்கத்துக்கு உள்ளேயும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. விஸ்கோன்டியின் ‘சென்ஸோ’ (1954), வாஸ்கோ பிரத்தோலினியின் நாவலான ‘மெத்தெல்லோ’ (1955) ஆகிய இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் திரும்பிச் சென்றன. அன்றாடத்தின் பதிவிலிருந்து வரலாற்றின் முழுமையை நோக்கிய வளர்ச்சி என்று சிலர் இதனை வரவேற்றனர். நவயதார்த்தவாதத்தின் கைவிடல் என்று வேறு சிலர் வருந்தினர். 1950களின் நடுப்பகுதியோடு இயக்கம் என்ற நிலை முடிவுற்றதாகக் கொள்ளலாம்.

இந்தியத் தொடர்பு

இவ்வியக்கம் இந்தியாவை அடைந்த வழி தெளிவானது. சத்யஜித் ராய் 1950இல் இலண்டனில் ‘மிதிவண்டித் திருடர்கள்’ படத்தைக் கண்டார். 1952 ஜனவரியில் பம்பாயில் தொடங்கிய முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா சென்னைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் சென்றது; டி சிகா, ரோஸலினி ஆகியோரின் படங்கள் அதில் திரையிடப்பட்டன. பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953), ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) ஆகியன இச்சூழலில் தோன்றியவை. பின்னது விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவலைத் தழுவியது என்பதால், வெர்காவுக்கும் விஸ்கோன்டிக்கும் இடையே நிகழ்ந்ததைப் போன்ற உறவு இங்கும் காணப்படுகிறது.

வங்கத்தில் பிரிவினை அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ (1950) எடுத்த நிமாய் கோஷ் பின்னர்ச் சென்னைக்கு வந்து ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தை இயக்கினார். ஜெயகாந்தன் தம் சொந்தக் கதையைத் தாமே ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) எனப் படமாக்கினார். இவற்றை இத்தாலியப் படங்களின் நேரடி வழித்தோன்றல்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சென்னைச் சேரி மக்களின் பேச்சைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்த எழுத்தாளர் ஒருவர், அதே மக்களுக்காகத் திரைப்படத்தையும் நாடியமை, மொழியும் கதைசொல்லியின் இடமும் பற்றிய அதே வினா இங்கும் எழுந்ததைக் காட்டுகிறது. வட்டார வழக்குப் புனைகதைகளை ஆராய்வோர், வழக்குச் சொற்களைத் தொகுப்பதோடு நில்லாமல், அச்சொற்களைச் சூழ்ந்து நிற்கும் கதைசொல்லியின் மொழி எது என்பதையும் காண்பது பயன்தரும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீடுகளால் பெறப்படுவன வருமாறு. முதலாவதாக, நவயதார்த்தவாதத்தைப் படப்பிடிப்பு முறைகளால் மட்டும் வரையறுப்பது போதாது. இலக்கியத்தையும் உள்ளடக்கிய பொது அடிப்படை கதைசொல்லியின் இடத்தில் உள்ளது. இரண்டாவதாக, மக்களின் வழக்கை ஏற்பதும் மக்களின் குரலை ஏற்பதும் ஒன்றல்ல. பொதுமொழியில் எழுதிய வெர்காவிடம் வெளியாள் மறைவதும், வட்டார வழக்கில் படமெடுத்த விஸ்கோன்டியிடம் அவர் மீள்வதும் இதற்குச் சான்று. மூன்றாவதாக, இழப்பவரின் இடத்திலிருந்து நோக்கும்போதே சிறு பொருள் பெருநிகழ்ச்சியாகிறது என்பதை மிதிவண்டி காட்டுகிறது. நான்காவதாக, சிறார் பார்வை விளக்கத்தைத் தவிர்க்கும் ஒழுக்கமாகவும், நீண்ட காட்சி மதிப்பின் வடிவமாகவும் செயற்படுகின்றன.

இவ்வியக்கம் தன் நோக்கத்தை முழுமையாக எய்தியது என்று கூற முடியாது. ஆசி திரேசாவின் மீனவர்கள் தங்கள் கதையில் தாங்களே நடித்தனர். அதைத் தொகுத்துச் சொன்ன குரல் அவர்களுடையதன்று. ஒர்தேசேயின் எவுஜேனியா தெளிவாகப் பார்த்தாள். பார்த்ததோடு வாழும் வழியை அக்கதை அவளுக்குத் தரவில்லை. இக்குறைகளை மறைக்காமல் படைப்புக்குள்ளேயே வெளிப்படையாக விட்டுச் சென்றமையால்தான், அடித்தட்டு மக்களைப் பற்றி எழுதவும் படமெடுக்கவும் முனையும் எவரும் அப்படைப்புகளிடம் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.